பதினைந்து வருடம் தாண்டும் பைக்: ஆய்வுக்குத் தயார் செய்வது எப்படி? (வாசகர் கேள்வி பதில்)

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: பழைய பைக்குக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பது, அதற்கான ஆய்வு, புகைச் சான்று. சேலம் நகரத்திலிருந்தும் ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். மலை வண்டிக்கும் ஊர் வண்டிக்கும் தேய்மானம் ஒன்றல்ல. பதில்களும் அதற்கேற்ப மாறும்.

கேள்வி: என் ஸ்பிளெண்டருக்கு இன்னும் மூன்று மாதத்தில் 15 வருடம் முடிகிறது. லோடு ஆட்டோவுக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதுபோல இனி பைக்குக்கும் ஒவ்வொரு வருடமும் காட்ட வேண்டுமா? என்னென்ன பேப்பர் வேண்டும்?
(வாசகர், கொண்டலாம்பட்டி)

வருடா வருடம் வேண்டாம். வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குத்தான் எட்டு வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. சொந்த உபயோக பைக்குக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சரி என்றால் 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். அது முடிந்தால் மறுபடியும் 5 வருடம். தவறாமல் திரும்பத் திரும்ப வரும் சோதனை புகைச் சான்று மட்டும்தான். பி.எஸ். 4-க்கு (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ், புகை அளவுக்கான அரசுத் தரநிலை) முந்தைய வண்டிக்கு அது 6 மாதம், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஒரு வருடம்.

ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டாலே கட்ட வேண்டிய தொகை வரும். பைக் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2000 ரூபாய். இதற்கு மேல் தமிழ்நாட்டின் பசுமை வரி தனி.

அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், சேஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட். இவை கையில் இருக்க வேண்டும். ஆனால் முதலில் ஆர்.சி.யைத் திருப்பிப் பாருங்கள். ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இன்னும் அதில் இருக்கிறதா? கடன் முடிந்து பல வருடம் ஆகியும் அந்தப் பெயரை நீக்காமலே விட்டவர்கள் ஏராளம். கம்பெனியிடம் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி அதை நீக்க நாள் பிடிக்கும். கம்பெனி கிளையை மூடியிருந்தால் இன்னும் பிடிக்கும். மூன்று மாதம் கையில் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள். மெக்கானிக்கிடம் வண்டியை விடுவது இதற்குப் பிறகுதான்.

பென்சில் பிரிண்ட் எடுக்கும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சேஸ் எண் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். பதினைந்து வருட அழுக்கும் துருவும் அதை மூடியிருக்கும். எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், அரம் பக்கமே போகாதீர்கள். தேய்ந்த எண் திருத்திய எண்போலத் தெரியும். அப்புறம் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்த்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்து அசையாமல் செல்லோடேப் ஒட்டி, 2பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வரும். மூன்று நான்கு பிரதி எடுத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாகலூரிலிருந்து வாரம் இரண்டு முறை சேலத்துக்கு இறங்குகிறேன். அடிவாரம் வருவதற்குள் பின் பிரேக் பிடிப்பதே இல்லை. ஷூ மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் ராடை டைட் செய்து அனுப்பிவிடுகிறார். இப்படியே ஆய்வுக்குக் கொண்டு போகலாமா?
(வாசகர், ஏற்காடு)

கொண்டு போகாதீர்கள். ஆய்வுக்காக மட்டும் சொல்லவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டியில் இது முதலில் சரி செய்ய வேண்டிய வேலை.

ஷூ தேயவில்லை என்றால் அது பளபளத்துப் போயிருக்கிறது. இறக்கம் முழுக்க பெடலை லேசாக அழுத்தியபடியே வந்தால் டிரம் சூடாகி, ஷூவின் லைனிங் மேல்பரப்பு கண்ணாடிபோல் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். ராடை டைட் செய்வதால் பெடல் மேலே வருமே தவிர பிடிப்பு வராது.

பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஷூவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பளபளப்பு தெரியும். 80-ஆம் நம்பர் எமரி பேப்பரைத் தட்டையான தரையில் விரித்து, ஷூவைக் குறுக்காக வைத்துத் தேய்த்துப் பளபளப்பு போனதும் நிறுத்துங்கள். ஷூவின் இரு முனையிலும் ஓரத்தை லேசாகச் சரித்துவிட்டால் கீச்சென்று கத்தாது. டிரம்மின் உள்பக்கத்தையும் அதேபோல் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். ஊதாதீர்கள், காற்று அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. டிரம்முக்குள் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். 130 மி.மீ. டிரம் 131-ஐ எட்டினால் புது ஷூ போட்டும் பிரயோசனமில்லை, டிரம் மாற்ற வேண்டும்.

லைனிங்கில் எண்ணெய் ஈரம் இருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஷூவைத் தூக்கிப் போடுங்கள். சக்கர பேரிங்குக்கு அளவுக்கு மேல் கிரீஸ் வைத்தால் அது சூட்டில் உருகி உள்ளே வரும். அல்லது பேரிங்கின் சீல் கிழிந்திருக்கும்.

இப்போது பிரேக் கேம், அதாவது பெடலை மிதிக்கும்போது திரும்பி ஷூவை விரிக்கும் தண்டு. இதைக் கழற்றித் துருவை எடுத்து, தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். காபித் தோட்டத்துச் செம்மண் சேறு இந்தத் துளைக்குள் போய்த்தான் கேம் இறுகுகிறது. இறுகிய கேம், காலை எடுத்த பின்னும் ஷூவை முழுதாக விடாது. டிரம் ஓடும்போதெல்லாம் சூடாகிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டியில் இறக்கத்தில் பிரேக் போவதற்கு இது பாதிக் காரணமாக இருக்கலாம்.

கேமின் தலையில் பிரேக் ஆர்ம் பொருந்தும் இடத்தில் பல் வரிகள் இருக்கும். தண்டிலும் ஆர்மிலும் ஒரு புள்ளி அடித்திருக்கும். இரண்டும் நேராக இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஷூ தேய்ந்த வண்டியில் ராடு அட்ஜஸ்ட்மென்ட் தீர்ந்துபோனால், சிலர் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பெடல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். உள்ளே கேம் முழுதாகப் படுக்கும் நிலைக்கு வந்து, ஒரு நாள் அழுத்தும்போது தலைகீழாகப் புரண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். ஆர்முக்கு அடியில் ஒரு அம்புக்குறித் தகடும், பேனலில் ஒரு முக்கோணக் குறியும் இருக்கும். பெடலை முழுக்க மிதிக்கும்போது அம்பு முக்கோணத்தைத் தொட்டால் ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆர்மைத் தள்ளி மாட்டினால் இந்த எச்சரிக்கையும் பொய்யாகிவிடும்.

மாட்டும்போது, பிரேக் பேனல் சுற்றாமல் பிடிக்கும் டார்க் லிங்க் போல்ட்டுக்கு ஊசிப் பின் போட்டாகிவிட்டதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பஞ்சர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டிய வண்டிகளில் இந்தப் பின்தான் அடிக்கடி காணாமல் போகும். போல்ட் கழன்றால் பிரேக் பேனலே சுற்றி ராடை முறித்துவிடும். இரு பக்கச் செயின் அட்ஜஸ்டரும் ஒரே கோட்டில் நிற்கட்டும். பெடலில் 20 முதல் 30 மி.மீ. விளையாட்டு (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் சும்மா அசையும் தூரம்), முன் பிரேக் டிரம் என்றால் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வையுங்கள். வேலை முடிந்ததும் சமதளத்தில் ஓட்டி, மிதமாகப் பிரேக் பிடித்துப் பிடித்து விட்டு ஷூவைப் படியவிடுங்கள். அன்றைக்கே மலை இறங்க வேண்டாம்.

இறங்கும்போது இரண்டாம் கியரில் என்ஜின் பிடித்து வரட்டும். வளைவுக்கு முன்னால் இரு பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, முழுக்க விட்டுவிடுங்கள். தொட்டுக்கொண்டே வருவதுதான் டிரம்மைச் சுடுகிறது.

கேள்வி: 2006 மாடல் 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டி. புகை டெஸ்டில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 5.1 என்று வந்து ஃபெயில் ஆகிவிட்டது. ஸ்க்ரூவைத் திருகினால் பாஸ் ஆகும் என்கிறார்கள். எந்த ஸ்க்ரூ, எந்தப் பக்கம்?
(வாசகர், அம்மாபேட்டை)

உங்கள் வண்டிக்கு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது) சி.ஓ. 3.5 சதவீதம், ஹெச்.சி. (எரியாத ஹைட்ரோகார்பன்) 4500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை அனுமதி. 2000 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டி என்றால் 4.5 மற்றும் 9000.

இரண்டு எண்ணும் இரண்டு கதை சொல்பவை. சி.ஓ. ஏறினால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஹெச்.சி. ஏறினால் பெட்ரோல் எரியாமலே வெளியே போகிறது: பிளக் தவறுகிறது, வால்வு சரியாக மூடவில்லை, அல்லது கலவை மிக மெலிந்து அவ்வப்போது தீப்பிடிக்காமல் விடுகிறது. உங்களுக்கு ஹெச்.சி. எவ்வளவு வந்தது என்று எழுதவில்லை. ரசீதில் இருக்கும், பாருங்கள்.

ஸ்க்ரூ கடைசி வேலை. முதலில் ஏர் ஃபில்டர். பதினைந்து வருட வண்டியில் பலமுறை கழுவி மாட்டிய ஸ்பாஞ்ச் பிய்ந்து பாதியை அடைத்துக்கொண்டிருக்கும், புதிது போடுங்கள். அடுத்தது சோக்: லீவர் இறங்கினாலும் கார்புரேட்டரில் உள்ள தகடு முழுக்கத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிளக் கறுப்புக் கரியாக இருந்தால் மாற்றி, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வையுங்கள். டேப்பட்டை (வால்வு இடைவெளி) என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு, உங்கள் மாடல் கையேட்டின் அளவுக்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சரி செய்ய வேண்டும். காதால் கேட்டு டேப்பட் வைப்பது இந்த வேலைக்கு ஒத்துவராது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்தால் எந்த ஸ்க்ரூவும் உதவாது. வண்டியை நிறுத்தியதும் ஓவர்ஃப்ளோ ட்யூபில் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு ஸ்க்ரூ. அது கார்புரேட்டரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் காற்று கூடும், கலவை மெலியும். என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். அதாவது சி.ஓ. குறைக்க ஒன்றை வெளியே எடுக்க வேண்டும், மற்றதை உள்ளே விட வேண்டும். இது தெரியாமல் திருகித்தான் 5-ஐ 7 ஆக்கிக்கொள்கிறார்கள்.

பத்து நிமிடம் ஓட்டி என்ஜினைச் சூடாக்குங்கள். என்ஜினை நிறுத்தி ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே விட்டு, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடியில் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், முறுக்கினால் ஊசி முனை உடைந்து துளைக்குள் சிக்கும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்து, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி என்ஜின் வேகம் எங்கே அதிகமாகிறதோ அங்கே வையுங்கள். ஐடில் ஸ்க்ரூவில் வேகத்தை 1400 ஆர்.பி.எம். அளவுக்கு இறக்குங்கள். அதற்குமேல் சி.ஓ. குறைய வேண்டுமானால் மெலியும் பக்கம் கால் சுற்று, அவ்வளவுதான். டெஸ்ட் நிலையத்துக்கும் வண்டியை ஓட்டிச் சூடாகவே கொண்டு போங்கள்.

இந்த வரம்புக்குள்ளும் வராவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டைச் சந்தேகியுங்கள். கம்பி விட்டுக் குத்திக் குத்தி ஸ்லோ ஜெட்டின் துளை பெரிதாகிவிட்ட வண்டிகள் நிறைய. புதிதாக மாற்றுவதுதான் வழி.

சைலென்சர் இணைப்பில் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து எண்கள் குறைவாகக் காட்டும். அதற்காக அதை அடைக்காமல் விடாதீர்கள். ஆய்வாளர் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கேள்வி: வண்டி ஓடுவது எல்லாம் ஏற்காட்டில். புகை டெஸ்டும் ஆய்வும் கீழே சேலத்தில். எங்கே டியூன் செய்வது நல்லது?
(வாசகர், மஞ்சக்குட்டை)

நல்ல கேள்வி, மலை மெக்கானிக்குகளே கவனிக்க வேண்டியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. சேலத்தில் சரியாக வைத்த கலவை ஏற்காட்டில் பெட்ரோல் கூடியதாக மாறும்: பிளக் கறுக்கும், இழுவை குறையும். ஏற்காட்டில் வைத்த கலவை கீழே வந்தால் மெலியும்.

ஆகவே மேலே டியூன் செய்த வண்டியில் சி.ஓ. பிரச்சினை வருவது குறைவு. ஹெச்.சி. தான் ஏறும். ஐடிலில் விட்டு விட்டு அடிக்கும் சத்தம் கேட்டால் அதுதான். டெஸ்ட்டுக்குக் கீழே இறங்கியதும் வண்டி சூடாக இருக்கும்போதே பெட்ரோல் பக்கம் கால் சுற்று கொடுத்து, ஐடில் சீரானதும் டெஸ்ட் எடுங்கள். மேலே போனதும் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். எத்தனை சுற்று என்று டேங்க் கவரின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த ஆறு மாதமும் உதவும்.

காலைப் பனியில் சைலென்சரிலிருந்து வரும் வெள்ளை ஆவி வெறும் தண்ணீர், சூடானதும் நின்றுவிடும். நீலப் புகை நிற்காது. அது ஆயில் எரிவது. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது வந்தால் வால்வு சீல், ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் ரிங்.

கேள்வி: எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டேன், படபடவென்று வேகமாக அடிக்கிறது. ஹெட்லைட்டும் எல்.இ.டி. போடலாமா?
(வாசகி, அஸ்தம்பட்டி)

பழைய ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ரிலே) 10 வாட் பல்புகளை எதிர்பார்த்துச் செய்தது. எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் வேகமாக அடிக்கும், சில ஃபிளாஷர் அடிக்காமலே எரிந்து நிற்கும். எல்.இ.டி. ஃபிளாஷர் ஒன்று மாற்றினால் சரியாகிவிடும். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் அடிக்க வேண்டும், நிறம் ஆம்பர் மட்டுமே.

ஹெட்லைட்டை விட்டுவிடுங்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடுவதில்லை, காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரம் வருகிறது. ஐடிலில் மங்குவதும் அதனால்தான். அதில் எல்.இ.டி. மாட்டினால் மினுக்கும், ஒளியும் எதிரே வருபவர் கண்ணில் சிதறும். ரிஃப்ளெக்டர் மஞ்சளித்து உரிந்திருந்தால் புது டூமும், வண்டிக்கு உரிய ஒரிஜினல் பல்பும் போதும்.

பின் பிரேக் லைட்டையும் பாருங்கள். பெடல் கொஞ்சம் இறங்கியதுமே எரிய வேண்டும். தாமதமானால் சுவிட்சின் நட்டைத் திருப்புங்கள். சுவிட்ச் உடம்பைத் திருப்பினால் வயர் முறுக்கி அறுந்துவிடும்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்கி எட்டு ஒன்பது வருடம். ஆய்வில் பிரச்சினை வருமா?
(வாசகர், வாழப்பாடி)

விதி சொல்வது இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மி.மீ. பட்டன். அது இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் நூல் நூலாக வெடிப்பு இருந்தால் ஆய்வாளர் திருப்பி அனுப்பலாம், அனுப்புவதும் நியாயம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்த்தால் வயது தெரியும்: 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம். எட்டு வருட ரப்பர் ஈரத் தார் ரோட்டில் பிடிக்காது. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் புல்லட்டுக்கு ஆர்.சி.யில் கறுப்பு. நான் பச்சை அடித்து, சத்தம் வரும் சைலென்சர் போட்டிருக்கிறேன். ஆய்வு நாளுக்கு மட்டும் பழைய சைலென்சரை வாடகைக்கு எடுத்து மாட்டித் தரும் கடை இருக்கிறது. அப்படிச் செய்யலாமா?
(வாசகர், செவ்வாய்பேட்டை)

கூடாது. ஆய்வாளர் வண்டியை ஆர்.சி.யோடுதான் ஒப்பிடுகிறார். நிறம், என்ஜின் எண், சேஸ் எண், இருக்கை, கைப்பிடி எல்லாமே அதில் உள்ளபடி இருக்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் ஆய்வுக்கு முன்பே மாற்றத்துக்கு விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள், அல்லது கறுப்புக்கே திரும்புங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் இன்னும் கவனம்: ரசீதும் அனுமதியும் இல்லாத என்ஜினோடு ஆய்வுக்குப் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடக்கூடும்.

சைலென்சர் விஷயத்தில் ஒரு நாள் வேடம் போட்டு என்ன பயன்? மறுநாளே தெருவில் நிறுத்திப் பிடிக்கலாம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மருத்துவமனை வாசலிலும் பள்ளி வாசலிலும் அந்தச் சத்தத்தைக் கேட்பவர்களையும் நினைத்துப் பாருங்கள். ஒரிஜினல் சைலென்சரை வாங்கி நிரந்தரமாக மாட்டுங்கள்.

சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றும் விதிப்படி கட்டாயம். புல்லட்டை அழகுபடுத்துபவர்கள் முதலில் கழற்றுவது இவற்றைத்தான். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் காப்பது அந்தக் கார்டு. மறுபடி மாட்டுங்கள். நம்பர் பிளேட்டில் கோணல் எழுத்து, படம், பெயர் எதுவும் வேண்டாம்: பின்னால் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம், முன்னால் இரண்டும் 30 மி.மீ.

கேள்வி: எஸ்டேட் கரடுமுரடுப் பாதையில் ஓடிய வண்டி. நேராகப் போகும்போது ஹேண்டில் நடுவில் மாட்டிக்கொள்வதுபோல இருக்கிறது.
(வாசகர், குப்பனூர்)

கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. மெயின் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஒரே விரலால் ஹேண்டிலை இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால், குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் போட்டிருக்கின்றன. டைட் செய்தால் இன்னும் மோசமாகும். மேல் கீழ் இரண்டு கிண்ணமும், கோனும், குண்டுகளும் முழு செட்டாக மாற்றுங்கள். பழைய குண்டோடு புதுக் கிண்ணத்தைக் கலக்க வேண்டாம். கிரீஸை நிறைய வையுங்கள். முன் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, அதேசமயம் ஹேண்டில் தன் எடையிலேயே இரு பக்கமும் விழ வேண்டும். அந்த இடத்தில் நட்டைப் பூட்டுங்கள். 300 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். கிண்ணம் படிந்து ஆட்டம் வந்திருக்கும்.

அதே நேரத்தில் ஃபோர்க் சீலில் எண்ணெய்க் கோடு இருக்கிறதா, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் அசைத்தால் டக்கென்று வருகிறதா என்றும் பாருங்கள். மலைப் பாதையில் இவை ஒன்றாகவே தேயும்.

கேள்வி: அப்பாவின் வண்டி இரண்டு வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. ஆர்.சி. புதுப்பிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
(வாசகி, ஏற்காடு)

கிக் அடிக்க வேண்டாம். முதலில் டேங்க். பழைய பெட்ரோலை முழுக்க இறக்குங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பனியில் இரண்டு வருடம் நின்ற டேங்கின் அடியில் தண்ணீரும் துருவும் சேர்ந்திருக்கும். பெட்ரோல் காக்கை (டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் வால்வு) கழற்றித் துளையை அடைத்து, அரை லிட்டர் மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளும் போட்டு எல்லாப் பக்கமும் பத்து நிமிடம் குலுக்கிக் கொட்டுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். அடுப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கவே கூடாது. நட்டுகள் எத்தனை போட்டீர்களோ அத்தனையும் வெளியே வந்தனவா என எண்ணிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ட்யூப் விறைத்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை கிளீனர் ஸ்ப்ரேயில் ஊறவைத்துக் காற்று அடியுங்கள். அடைப்பு போகாவிட்டால் நைலான் இழை மட்டும். பிளக்கைக் கழற்றித் துளை வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு இரவு விட்டு, மறுநாள் பிளக் இல்லாமலே கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துத் தடவை அழுத்துங்கள். சிலிண்டர் சுவரில் துரு இருந்தாலும் ரிங் கீறாமல் விடும்.

என்ஜின் ஆயிலை மாற்றுங்கள். புது ஆயில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று எழுதிய பைக் ஆயிலாக இருக்கட்டும். கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கும். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பேட்டரி இரண்டு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் பெரும்பாலும் செத்திருக்கும், அதில் பணமும் நேரமும் செலவிடாமல் புதிது போடுங்கள். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் அதை நம்பித்தான்.

ஆர்.சி. அப்பா பெயரில் இருந்தால் புதுப்பிப்பதா, பெயர் மாற்றுவதா எது முன்னால் என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.

கேள்வி: ஆர்.சி. முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ஓட்டிக்கொண்டே ஆய்வுக்குப் போகலாமா?
(வாசகர், ஓமலூர்)

தாமதத்துக்கு பைக்குக்கு மாதம் 300 ரூபாய். எட்டு மாதத்துக்கு 2400, அதற்கு மேல் புதுப்பிப்புக் கட்டணம். இன்னும் தள்ளிப் போட்டால் வண்டியின் விலையையே தொட்டுவிடும்.

ஓட்டிப் போகாதீர்கள். பதிவு காலாவதியான வண்டியில் வழியில் யார் மேலாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி இதைக் காட்டி மறுக்கப் பார்க்கும், இழப்பீடு உங்கள் தலையில் விழும். எல்லா வேலையும் முடித்துவிட்டு ஒரு குட்டி யானை வாடகைக்கு எடுத்து, முன் சக்கரத்தை மூலையில் முட்டக்கொடுத்து, ஃபோர்க்கின் மேல் பகுதியில் இரு பக்கமும் கயிறு கட்டிக் கொண்டு போங்கள். ஹேண்டில் நுனியில் கட்டினால் வளைந்துவிடும். பெட்ரோல் காக்கை மூட மறக்காதீர்கள். இறக்கியதும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து சூடாக்கி, ஒரு பழைய துணியால் என்ஜினுக்கு அடியில் தொட்டுப் பாருங்கள். ஆயில் சொட்டினால் ஆய்வாளர் குனிந்து பார்க்கும் முதல் இடம் அதுதான்.

(கேள்விகளை அனுப்பும்போது வண்டியின் மாடல், வருடம், பிரேக் டிரம்மா டிஸ்க்கா, புகை ரசீதில் உள்ள இரண்டு எண்கள் ஆகியவற்றையும் எழுதி அனுப்புங்கள்.)